புரொஜெக்டரும் இணைப்புக் கம்பியும்

ஏரும் எருதும் இருந்தும் நுகத்தடி இல்லையேல் உழவு நடவாது. கிணறும் குடமும் இருந்தும் கயிறு இல்லையேல் தாகம் தீராது. இரு பொருள்கள் எத்துணைச் சிறந்தனவாயினும், அவற்றைப் பிணைக்கும் மூன்றாம் பொருள் ஒன்று குறையுமாயின், இரண்டாலும் பயனில்லை. கோவில்பட்டி வட்டாரத்தாருக்கு இவ்வுண்மையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. தலைமுறை தலைமுறையாக அவர்தம் கைகள் அடுக்கிவரும் தீக்குச்சியே இதற்குச் சான்று. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டு என்னும் உப்பு உளது. பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரஸ் பூசப்பட்டுளது. குச்சியைச் சுவரில் எத்துணை முறை தேய்ப்பினும் தீ எழாது. பெட்டியின் பக்கத்தில் ஒருமுறை உரைத்த அளவிலே எழும்.

இக்காலத்தே நம் கரிசற் சீமைப் பள்ளிகளிலும், ஆலய மண்டபங்களிலும், ஊர்ப்பொது இடங்களிலும் காணப்படும் குறை இத்தகையதே. ஒரு மேசைமீது கணினி இருக்கின்றது. மற்றொரு மேசைமீது புரொஜெக்டர் இருக்கின்றது. இரண்டிற்கும் இடையே இருக்கவேண்டிய கம்பியும், அக்கம்பியைப் பற்றிய அறிவும் பல இடங்களில் இல்லை. பொறியை வழங்குவோர் கம்பியையும் வழங்குதல் வேண்டும். கம்பியோடு அதனை ஆளும் முறையைத் தமிழில் எழுதி வழங்குதல் வேண்டும். அவ்வெழுத்துப் பணியில் தமிழ் பயிலும் மாணாக்கருக்கும் பங்குண்டு. இதுவே இக்கட்டுரையால் யான் வற்புறுத்த விழைவது.

சுவரில் ஒளியால் படங்காட்டுங் கலை புதியதன்று. ஹாலந்து தேசத்து அறிஞர் ஹைகன்ஸ் என்பார் 1659-ஆம் ஆண்டளவிலேயே ஒளிவிளக்கால் படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியை அமைத்தார். அக்கருவி பிற்காலத்தே 'மாஜிக் லாந்தர்' என்னும் பெயரோடு மிஷனெரிமார் கைகளில் நம் நாட்டுச் சிற்றூர்களுக்கும் வந்தது. 1896-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் பம்பாய் வாட்சன் ஹோட்டலில் லூமியேர் சகோதரரின் அசையும் படங்கள் காட்டப்பெற்றன. அதன்பின் ஒன்பதாண்டு கழித்து, 1905-இல், திருச்சிராப்பள்ளியில் இரயில்வே ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்னும் தமிழர், தியூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். கூடாரம் அடித்து ஊர் ஊராகச் சென்று படங்காட்டினார். 1914-இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் அரங்கினையும் நிறுவினார்.

வின்சென்ட் அவர்கள் காலத்துக் கருவிக்கும் நம் காலத்துக் கருவிக்கும் உள்ள வேற்றுமை ஒன்றை இங்கே நோக்குதல் வேண்டும். அன்று விளக்கும், வில்லையும், படச்சுருளும் ஒரே பொறியில் அடங்கின. சுருளை மாட்டிச் சுற்றத் தெரிந்தவர் படங்காட்டத் தெரிந்தவராயினர். இன்றோ படம் ஓரிடத்திலும் ஒளி ஓரிடத்திலுமாகப் பிரிந்துவிட்டன. படம் கணினியிலோ, டிவிடி கருவியிலோ, வீடியோ காமிராவிலோ இருக்கின்றது. புரொஜெக்டர் என்பது தன்பால் வந்து சேருவதைப் பெரிதாக்கிக் காட்டும் விளக்கும் வில்லையுமேயாகும். ஆகவே, படம் ஒன்றினின்று மற்றொன்றுக்குச் செல்லும் வழி இக்கலைக்கு உயிர்நாடியாயிற்று. அவ்வழியோ ஒன்றாயில்லாமல் பலவாயிற்று.

அவ்வழிகளைச் சுருங்கக் கூறுவேன். பழைய வீடியோ கருவிகளினின்று வருவது மஞ்சள் முனைக் கம்பி. அது படத்தை மட்டுமே சுமக்கும். ஒலிக்குச் சிவப்பும் வெள்ளையுமாக வேறிரு முனைகள் உண்டு. கணினிக்கென 1987-இல் ஐ.பி.எம். நிறுவனத்தார் கொணர்ந்தது வி.ஜி.ஏ. முறை. பெரும்பாலும் நீல நிறத்தினதாய், மூன்று வரிசையில் 15 ஊசிகளோடு விளங்குவது இதன் முனை. இதன்கண் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூவொளியும் தனித்தனிக் கம்பிகளில் செல்கின்றன. ஆதலின், திரையில் படம் மஞ்சள் பூத்துத் தோன்றுமாயின் நீலத்திற்குரிய ஊசி தொடவில்லை என்றும், ஊதாச் சிவப்பாய்த் தோன்றுமாயின் பச்சைக்குரிய ஊசி தொடவில்லை என்றும் அறியலாம். ஊசி வளைந்திருப்பதை மெல்ல நிமிர்த்தினால் தீரக்கூடிய இக்குறைக்காகப் புரொஜெக்டரே பழுதென்று ஒதுக்கிவைத்த இடங்களும் உள.

2002-ஆம் ஆண்டின் இறுதியில் எச்.டி.எம்.ஐ. என்னும் முறை வகுக்கப்பெற்றது. 19 தொடுமுனைகளையுடைய இச்சிறு கம்பி, படத்தையும் ஒலியையும் ஒருங்கே எண்களாக்கிச் சுமப்பது. 2014-இல் யு.எஸ்.பி. சி என்னும் சிறுமுனை தோன்றியது. எப்பக்கம் திருப்பிச் செருகினும் பொருந்துவது இதன் சிறப்பு. ஆயினும் இம்முனை உடைய கணினியெல்லாம் அதன்வழியே படத்தை வெளியிடும் என்று கருதுதல் கூடாது; சிலவற்றில் அது மின்னேற்றவும் கோப்பு மாற்றவுமே பயன்படும்.

இங்கே ஒரு நுட்பம் உளது. வி.ஜி.ஏ. கம்பியில் செல்வது அலையாக ஏறி இறங்கும் மின்குறி, எச்.டி.எம்.ஐ. கம்பியில் செல்வது எண்குறி. ஒன்றை மற்றொன்றாக்குதற்குக் கன்வெர்ட்டர் என்னும் சிறு கருவி இன்றியமையாதது. இரு முனைகளை வெறுங்கம்பியால் பிணைத்துவிட்டால் போதும் என்று எண்ணுதல், தமிழ் அறியாதான் முன்னும் தெலுங்கு அறியாதான் முன்னும் மொழிபெயர்ப்பாளன் இன்றி வழக்குரைப்பதை ஒக்கும். அன்றியும், அம்மொழிபெயர்ப்பாளன் ஒருவழி மட்டுமே அறிந்தவன். கணினியின் எச்.டி.எம்.ஐ. முனையிலிருந்து புரொஜெக்டரின் நீல முனைக்குச் செல்லும் கன்வெர்ட்டர், எதிர்வழியிற் பயன்படாது. கடையிற் சென்று கேட்போர், "எதிலிருந்து எதற்கு?" என்பதைத் தெளிவாகக் கூறுதல் வேண்டும்.

இவ்வறிவு இன்மையால் விளையும் தீமை எத்தகையது? யான் கண்ட ஒன்றைக் கூறுவேன். சென்ற ஆண்டு புரட்டாசி விதைப்புக்கு முன் விளாத்திகுளத்துப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், மக்காச்சோளத்தைத் தாக்கும் படைப்புழுவைப் பற்றி உழவர்க்கு விளக்கும் கூட்டம் ஒன்று மாலையில் கூடிற்று. இப்புழு 2018-ஆம் ஆண்டில் நம் நாட்டில் முதன்முதற் காணப்பட்டு, விரைவிலே கரிசற்காட்டு மக்காச்சோளத்தையும் பற்றியது என்பது யாவரும் அறிந்ததே. இதனைப் பிற புழுக்களினின்று பிரித்தறிதற்கு இரு அடையாளங்கள் உண்டு: தலையில் ஆங்கில 'ஒய்' எழுத்தைத் தலைகீழாக எழுதினாற்போன்ற வெள்ளைக்கோடு, வாலின் அருகே சதுரமாய் அமைந்த நான்கு கரும்புள்ளிகள். இவற்றைச் சுவரளவு பெரிதாக்கிக் காட்டவே புரொஜெக்டர் கொணரப்பட்டது. பேச வந்தவரது மடிக்கணினியில் எச்.டி.எம்.ஐ. முனை இருந்தது, புரொஜெக்டரோடு வந்த கம்பியோ நீல முனையினது. அரைமணி நேரம் அனைவரும் வெள்ளைத் துணியை நோக்கியிருந்தனர். பின்னர்ப் பேச்சாளர் வாயால் விளக்க முயன்றார். பின்வரிசையிலிருந்த மூதாட்டி ஒருவர், "ஐயா, தலையில கோடு கோடுன்னு சொல்றீகளே, அது எந்தமானிக்க இருக்கும்னு தெரியலையே" என்றார். ஆங்கில எழுத்தறியாத அவ்வம்மையாருக்கு அதனை விளக்கச் சொற்கள் உதவவில்லை. மக்கள் ஒவ்வொருவராக எழுந்து சென்றனர்.

கூட்டம் கலைந்தபின் அவ்வூர் மைக்செட் நடத்துபவர் வந்தார். நிகழ்ந்ததைக் கேட்டு, தம் பெட்டியைத் திறந்து, உள்ளங்கையில் அடங்கும் கன்வெர்ட்டர் ஒன்றை எடுத்துக் காட்டினார். "நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கொண்டாந்திருப்பேனே" என்பதே அவர் கூறியது. அதன் விலை சில நூறு ரூபாய். பல்லாயிரம் ரூபாய்ப் பொறியும், உழவரின் ஒரு மாலைப்பொழுதும், அவ்வாண்டின் விளைச்சலைக் காக்கக்கூடிய அறிவும் அச்சிறு பொருளின்மையால் வீணாயின.

இனி, இணைக்கும் முறையைப் பார்ப்போம். முதலில், இரு பொறிகளின் பின்புறத்தையும் நோக்கி, எம்முனைகள் உள என்று கண்டு, பொருந்திய கம்பியைப் பூட்டுதல் வேண்டும். அடுத்து, புரொஜெக்டரை முடுக்கி, அதன் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' என்னும் பொத்தானை அழுத்தி, கம்பி பூட்டிய முனையைத் தேர்தல் வேண்டும். பின்னரே கணினியை முடுக்குதல் நன்று. ஏனெனில், புரொஜெக்டர் தன் திரையின் அளவு இன்னதென்று கம்பி வழியே கணினிக்கு அறிவிக்கின்றது. விழித்திருக்கும் பொறியே விடை கூறும். விண்டோஸ் கணினியில், விண்டோஸ் விசையையும் 'பி' விசையையும் சேர்த்து அழுத்தினால் நான்கு வழிகள் தோன்றும்: கணினியில் மட்டும் காட்டுதல், இரண்டிலும் ஒன்றையே காட்டுதல், இரண்டையும் ஒரு நீண்ட திரையாக்குதல், சுவரில் மட்டும் காட்டுதல் என்பன அவை. வகுப்பறைக்கு இரண்டாவதே ஏற்றது. "கம்பி பூட்டியும் படம் வரவில்லை" என்னும் முறையீடுகளிற் பல, இவ்விரு விசைகளால் தீர்வன.

எச்.டி.எம்.ஐ. கம்பியைப் பூட்டியவுடன் ஒலியும் புரொஜெக்டருக்கே சென்றுவிடுவது வழக்கம். புரொஜெக்டரின் சிறு ஒலிபெருக்கி நாற்பது பிள்ளைகளுக்குப் போதாது. அப்போது கணினியின் ஒலி அமைப்பிற் சென்று, ஒலி வெளிவரும் வழியை மாற்றி, காதொலிக் கருவி செருகும் துளையிலிருந்து மைக்செட்டுக்குத் தனிக்கம்பி கொண்டுசெல்லல் வேண்டும். கம்பியின் நீளமும் கருதத்தக்கது. நீல முனைக் கம்பி மிக நீளுமாயின் எழுத்துக்கள் நிழலடித்து மங்கும், சாதாரண எச்.டி.எம்.ஐ. கம்பி பத்துப் பதினைந்து மீட்டரைக் கடப்பின் படம் விட்டுவிட்டு வரும், அன்றி அடியோடு மறையும். பணிமுடிந்தபின், விளக்கு வகைப் புரொஜெக்டராயின், விசிறி சுழன்று விளக்கு ஆறும் வரை மின்சாரத்தைத் துண்டித்தல் ஆகாது.

நம் கரிசல் நிலத்திற்கே உரிய எச்சரிக்கைகள் இரண்டு உள. ஒன்று, எர்த்து என்னும் நில இணைப்பு. கரிசல்மண் நீருண்டால் உப்பும். காய்ந்தால் சுருங்கி ஆழமாக வெடிக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, சித்திரை வைகாசி வெயிலில் நிலம் பாளம் பாளமாய்ப் பிளக்குங்கால், பூமியிற் புதைத்த எர்த்துக் கம்பி மண்ணைவிட்டு அகலும். ஈரம் இன்மையால் மின்சாரம் மண்ணிற் செல்லுதலும் தடைப்படும். அத்தகைய கட்டடத்தில் கம்பியின் உலோக முனையைத் தொடுவோர் கை சுளீரென்னும்; சில வேளை முனைகளும் பழுதுறும்; ஒலிபெருக்கியோ ஓயாது இரையும். ஆகவே கோடையில் எர்த்துக் குழியில் நீர் ஊற்றுதலும், மூன்று ஊசிப் பிளக்கின் பெரிய ஊசியை ஒடித்துவிடாமல் காத்தலும், கணினி, புரொஜெக்டர், மைக்செட் ஆகிய மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியிலிருந்து இயக்குதலும், மின்சாரம் தருமுன்னரே படக்கம்பியைப் பூட்டுதலும் நலம். மற்றொன்று, புழுதி. ஆடிக்காற்றில் கதவிடுக்குத்தோறும் புகும் கரிசற்புழுதி, புரொஜெக்டரின் காற்றுவழியை அடைத்துப் பொறியைச் சூடேற்றும். வலைச்சல்லடையைத் திங்கள் ஒருமுறையேனும் துடைத்தல் வேண்டும்.

"இவையெல்லாம் மெக்கானிக் அறியவேண்டியவை, தொல்காப்பியம் பயிலும் மாணவனுக்கு இவற்றால் ஆவதென்?" என்று வினவுவாருமுளர். அவர்க்கு நம் மொழியின் வரலாற்றையே விடையாகக் கூறுவேன். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிரீன், மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். மாணவரின் துணையோடு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். உடற்கூறு தமிழில் அடங்குமோ என்று அவர் ஐயுறவில்லை. 1916-இல் சேலத்தில் இராஜகோபாலாசாரியார் முதலியோர் தமிழ்ச் சாஸ்திரப் பரிபாஷைச் சங்கம் கண்டு, அறிவியற் சொற்களைத் தமிழிற் காண முயன்றனர். தாமிரபரணிக் கரைப் பெருங்குளத்திற் பிறந்த பெ. நா. அப்புசாமி அவர்கள், வாழ்நாளெல்லாம் அறிவியலை எளிய தமிழில் எழுதினார். நம் இடைசெவல் கி. ராஜநாராயணன் அவர்கள், உழவரும் தச்சரும் வழங்கும் கரிசற் சொற்களைத் தேடித் தொகுத்து அகராதி செய்தார். மருத்துவத்திற்கும் உழவிற்கும் ஏற்ற தமிழ், ஒரு கம்பிக்கு மட்டும் ஏலாதோ?

புரொஜெக்டரோடு வரும் கையேட்டை விரித்துப் பாருங்கள். பல மேலைநாட்டு மொழிகள் அதன்கண் இருக்கும். தமிழை யான் அதிற் கண்டதில்லை. ஆகவே ஆசிரியர் தமக்குத் தெரிந்த அளவில் முயன்று, பழுதாகிவிடுமோ என்று அஞ்சி, பொறியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகின்றார். அவர்மீது குற்றமில்லை. படிக்க இயலாத மொழியில் எழுதிய கட்டளையை எவ்வாறு நிறைவேற்றுவது?

ஆயினும் இப்பணியில் இறங்கும் தமிழ் மாணாக்கர் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். ஒவ்வொரு முனைக்கும் ஒரு புதுச்சொல் படைத்து, ஆசிரியரை இன்னும் திகைக்கச் செய்தல் தொண்டாகாது. பொறியின் மீது எச்.டி.எம்.ஐ. என்று பொறித்திருக்க, கையேட்டில் வேறு பெயர் இருப்பின் படிப்போர் எதனை எதனோடு பொருத்துவர்? பெயர்கள் மக்கள் வாயில் வழங்கியவாறே இருக்கட்டும். 'நீல முனை', 'மஞ்சள் முனை' என்று மைக்செட்டார் கூறும் அடையாளங்களும் உடன் நிற்கட்டும். செருகு, திருகு, முடுக்கு, துடை, ஆறவிடு என்னும் வினைகள் நல்ல தமிழில் இருக்கட்டும். தொழிலைக் கற்பிப்பது வினைச்சொல்லே.

"இன்னும் சில ஆண்டில் எல்லாம் கம்பியின்றியே இயங்கும், பெரிய தொலைக்காட்சித் திரைகள் வந்துவிட்டன, ஒவ்வொருவர் கையிலும் செல்போன் உளது" என்பது மற்றொரு மறுப்பு. கம்பியில்லா இணைப்பு உண்டு என்பது மெய்யே. ஆயின் இரு பொறிகளும் அம்முறையை அறிந்தனவாயிருத்தல் வேண்டும். பழைய புரொஜெக்டர்களில் அது இல்லை. பெருந்திரைகளின் பின்புறத்திலும் எச்.டி.எம்.ஐ. முனையே இருக்கின்றது. செல்போனோ தனித்தனியே காண்பதற்குரியது. ஒரு வகுப்பு முழுதும் ஒரே காட்சியை ஒருங்கே கண்டு, ஒருவன் கேட்ட வினாவால் நால்வர் தெளிவு பெறும் நன்மை அதனால் வாராது. கழுகுமலை வெட்டுவான் கோயிற் சிற்பத்தை உள்ளங்கையளவு காண்பதற்கும், சுவரளவு கண்டு ஆசிரியர் சுட்டும் இடத்தை நோக்குவதற்கும் உள்ள வேற்றுமையைப் பிள்ளைகளே கூறுவர்.

அரசாங்கத்தார் 2011-இல் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கினர். 2019 ஆகஸ்டு 26-இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பெற்றது. 2023 ஜூலையில் மணற்கேணி என்னும் செயலி வெளிவந்து, பாடங்களைக் காணொளியாகத் தந்தது. படத்திற்குப் பஞ்சமில்லை, பொறிக்கும் பெரும் பஞ்சமில்லை. கிணறு ஊறி நிற்கக் கயிறில்லாமல் வாடுவது நமக்கு அழகாகுமோ?

ஆதலின் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றேன். முதலாவது, பழைய மாணவராய் விளங்கி, தாம் பிறந்த ஊர்ப் பள்ளிக்குப் புரொஜெக்டர் வழங்கும் பெருந்தகையோர், அதனோடு ஒரு பெட்டியும் வழங்குக. ஒரு நீல முனைக் கம்பி, ஒரு எச்.டி.எம்.ஐ. கம்பி, இரண்டிற்கும் இடையே ஒரு கன்வெர்ட்டர், ஒரு ஒலிக்கம்பி, எர்த்து உள்ள ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி ஆகிய இவ்வைந்தும் அதில் இருத்தல் போதும். இரண்டாவது, நம் கல்லூரித் தமிழ்த்துறையும் பௌதிகத்துறையும் கூடி, எட்டுப் பக்கத்திற்கு மேற்படாத படங்களோடு கூடிய கையேடு ஒன்றைத் தமிழில் ஆக்குக. அதன் சுருக்கத்தை ஒரே தாளில் அச்சிட்டுப் புரொஜெக்டர் உள்ள சுவர்தோறும் ஒட்டுக. மூன்றாவது, நாட்டு நலப்பணித் திட்ட மாணவர், முகாம் செல்லும் ஊரில் மரம் நடுவதோடு, அவ்வூர் ஆசிரியர் இருவரையும் மைக்செட் நடத்துபவர் ஒருவரையும் ஒருங்கழைத்து, பொறியை ஒருமுறை அவர்கள் கையாலேயே பூட்டி இயக்கச் செய்க. நாம் பூட்டிக் காட்டிவிட்டு வருவோமாயின், நாம் சென்ற மறுநாள் பொறி மீண்டும் அலமாரி புகும்.

தமிழ்த்தாய்க்குச் செய்யும் தொண்டு கவியரங்கிலும் பட்டிமண்டபத்திலும் மட்டுமே உளதென்று கருதற்க. சிற்றூர்ப் பள்ளி ஆசிரியை ஒருவர், தமிழ்த்தாள் ஒன்றைப் படித்து, அச்சமின்றிக் கம்பியைச் செருக, சுவரில் ஒளி விரிந்து நாற்பது பிள்ளைகளின் கண்கள் மலருமாயின், அதுவும் தமிழ்த் தொண்டேயாகும். அத்தாளை எழுதும் பணியை இவ்வாண்டிலேயே தொடங்குவோமாக.